எரியுதா, டீச்சர்?

காரின் பின்விளக்கு அணைந்துபோனதை அந்தக் காரின் சொந்தக்காரர் ஒருவரைத் தவிர ஊரில் உள்ள அனைவரும் பார்த்திருப்பார்கள். எங்கள் தொழில் இந்த ஒரு வசதியை நம்பித்தான் நடக்கிறது.

'எங்கள்' என்று உரிமையோடு சொல்லிவிட்டேனே தவிர, கடை என் தம்பி தங்கராசுவுடையது. அருப்புக்கோட்டையில், பந்தல்குடிக்குப் போகும் சாலை ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கிறது. வண்டிகளின் மின்சார வேலைகளை மட்டும் பார்ப்போம். திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்து நான் ஓய்வுபெற்றபோது, "வீட்ல சும்மா இருக்கிறதுக்குக் கடையில வந்து உக்காருக்கா" என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவன் சாவியோடு வருவதற்கு முன்பே நான் கடை வாசலில் நின்றிருந்தேன்.

பிரேக் விளக்கைச் சோதிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வது எளிது என்று நினைப்பீர்கள். நம் மக்களைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். "ம்" என்பார்கள். "லேசா" என்பார்கள். "இருக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். இருக்கிறதா, இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. நான் அந்த வகை அல்லேன். தங்கராசு உள்ளிருந்தபடி "எரியுதாக்கா?" என்று கேட்டால், "இடப்பக்கம் எரிகிறது, வலப்பக்கம் எரியவில்லை" என்று தெரு முனைவரை கேட்கும்படி சொல்வேன். வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல் அது.

பிறர் பொருளில் உள்ள குறையை அந்தப் பொருளுக்கு உரியவரிடமே எடுத்துச் சொல்லிப் பிழைக்கும் அன்பர்களே! பல் மருத்துவராகவோ, பழைய ரவிக்கையைப் பெரிதாக்கித் தரும் தையல்காரராகவோ, விடைத்தாள் திருத்துபவராகவோ நீங்கள் இருக்கலாம். குறையைக் காட்டியவரைத்தான் முதலில் கோபிப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எரிகிறது என்றால் என்ன?

கடைக்கு வந்த புதிதில் ஒரு நண்பகல். திருச்சுழிக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி, எங்கள் பக்கத்துச் சொல்லில் சம்சாரி, தம் பழைய காரைப் பாய்ச்சலாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடிவந்து, "டீச்சர், பின்னாடி லைட்டு எரியுது" என்றார். தங்கராசு உள்ளே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தான். நான் எழுந்து, "மகிழ்ச்சி, ஐயா. விளக்கு என்றால் எரியத்தானே வேண்டும்? எரியாத விளக்கு எது, அதைச் சொல்லுங்கள்" என்றேன். "ஐயோ, லைட்டுதான் டீச்சர், எரியுது!" என்றார். "அதைத்தான் நானும் கேட்கிறேன். எரிவது நிறை. உங்கள் வண்டியின் குறை என்ன?" என்று பொறுமையாகவே விளக்கினேன். மின்விளக்கு ஒளிர்கிறது என்பதே சரி, எரிகிறது என்பது எண்ணெய் விளக்குக் காலத்துச் சொல் என்பதையும் இடையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். கடை வழக்கப்படி நானே எரிகிறது என்றுதான் சொல்கிறேன் என்பது வேறு.

அதற்குள் அவருக்குப் பின்னால் கரும்புகை எழும்பியது. யாரோ கொடுத்த, அளவுக்கு மீறிய சக்தி கொண்ட பல்பை அவர் மாட்டியிருக்கிறார். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கூடு உருகித் தீப்பற்றியிருக்கிறது. தங்கராசு சோற்றுக் கையோடு ஓடிவந்து பாட்டரி இணைப்பைப் பிடுங்கி, ஒரு சட்டி மணலை அள்ளிக் கொட்டி அணைத்தான். சம்சாரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளச் சொல்லி, சாலைக்கு அந்தப் பக்கம் இதே தொழில் நடத்தும் பாண்டியின் கடைக்குக் கொண்டுபோனார். போகும்போது திரும்பிச் சொன்னது இது: "எரியுதுன்னா எரியுதுதான் டீச்சர். அதுக்கு மேல தமிழ்ல என்னத்தச் சொல்ல?"

அமத்துவதும் அமுத்துவதும்

அன்றே தங்கராசு எனக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டான். கோபம் வந்தால் அவன் என்னை அக்கா என்று அழைக்க மாட்டான். ஊரோடு சேர்ந்து 'டீச்சர்' என்பான். "டீச்சர், இன்னும் ஒரு வண்டி ரோட்டைத் தாண்டி அங்கிட்டுப் போச்சு, நீ வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். தெரிஞ்சுக்கோ" என்றான். வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் சோறு வெந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே, அவன் கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை என்று உறுதி கொடுத்து வேலையைத் தக்கவைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் பந்தல்குடி வற்றல் வியாபாரி. மிளகாய் மூட்டைகளை மொத்தமாக வாங்கி விற்பவர். பின்பக்கம் ஒரு விளக்கு சரியில்லை என்றார். என்னை நம்பாத தங்கராசு, அன்று தானே பின்னால் போய் நின்றுகொண்டு, வியாபாரியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். "அண்ணாச்சி, லைட்டப் போடுங்க!" என்று கத்தினான். பின்னால் இரண்டு விளக்குகளும் சிவந்தன. "இப்ப அமுத்துங்க!" என்றான். பிரேக்கை அமுக்கச் சொன்னான். அவ்வளவுதான், இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைந்தன. "போடுங்க!" விளக்கு வந்தது. "அமுத்துங்க!" இருண்டது.

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைகிறது என்றால், மின்சாரம் திரும்பிச் செல்லும் 'எர்த்து'ப் பாதையில் பழுது என்று பொருள். இதை நானே வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். தங்கராசு முடிவு கட்டிவிட்டான். டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எர்த்துக் கம்பியைத் தேட ஆரம்பித்தான். அந்த டிக்கியில் அன்று காலைவரை வற்றல் மூட்டைகள் இருந்திருக்கின்றன. முதல் தும்மலில் அவன் தலை மேல்மூடியில் இடித்தது. அடுத்த தும்மலில் கையில் இருந்த திருப்புளி எங்கோ விழுந்தது. கண்ணில் நீர் வழிய வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "அமுத்துங்க!" என்பான், விளக்கு அணையும், மறுபடியும் மிளகாய்க் கிடங்குக்குள் புகுவான்.

நான் என் இடத்தில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரியின் கால் அசையவே இல்லை, கைதான் அசைந்தது. அவன் "அமுத்து" என்று கத்தும்போதெல்லாம் அவர் விளக்கு விசையைத் திருப்பி அணைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால், கேட்டாலொழிய பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே! கொடுத்த வாக்கை மதித்து இன்னும் இரண்டு தும்மல்கள் காத்திருந்தேன். அதற்குள் வியாபாரி, "எதுத்த கடையில காட்டிருவமா?" என்று முனகத் தொடங்கவே, வகுப்பில் பிள்ளைகள் செய்வதுபோல் வலக்கையை உயர்த்தினேன். "என்ன டீச்சர்?" என்று தங்கராசு சீறினான். "பேசலாமா?" என்றேன். "பேசித் தொலை!" என்றான்.

அமர்த்து என்பதை நம் பக்கத்தில் 'அமத்து' என்கிறோம். அணை என்று பொருள். அமுக்கு என்பதை 'அமுத்து' என்கிறோம்; அழுத்து என்று பொருள். டிக்கி மூடிக்குப் பின்னால் நின்று, மூக்கடைப்போடு ஒருவன் கத்தும்போது நடுவில் உள்ள அந்த ஓர் உகரம் முன் இருக்கைவரை போய்ச் சேர்வதில்லை. இதைச் சொல்லிவிட்டு, "ஐயா, காலால் பிரேக்கை மிதியுங்கள்" என்றேன். வலப்பக்கம் பளிச்சென்று ஒளிர்ந்தது, இடப்பக்கம் ஒளிரவில்லை. பிரேக் பல்பு ஒன்று உயிரை விட்டிருந்தது, அவ்வளவே. அதை மாற்றுவதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. வியாபாரி இறங்கிவந்து, சிவந்த மூக்கோடு நின்ற தங்கராசுவிடம் மிகுந்த நியாயத்தோடு கேட்டார்: "அமத்தச் சொன்னீக, அமத்துனேன். அமுக்கச் சொல்லியிருந்தா அமுக்கியிருப்பேன்ல தம்பி?"

மூன்று மிதிகள்

அன்று முதல் அந்த இரண்டு சொற்களும் எங்கள் கடையில் தடைசெய்யப்பட்டன. 'மிதி', 'எடு' என்ற இரண்டு கட்டளைகள் மட்டுமே செல்லும் என்று நான் அறிவித்தேன். தும்மல் இன்னும் தீராத தங்கராசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த வாரத்திலேயே வாடகைக் கார் ஓட்டும் ஒருவன் வந்தான். என்னிடம் படித்தவன், பெயர் முனியாண்டி, முன் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரிசை வேலைகளைச் செய்தவன். தங்கராசு வேறு வண்டிக்கு அடியில் இருந்ததால் நானே பின்னால் நின்று, "மிதி" என்றேன். வண்டி உறுமி, புகைபோக்கியிலிருந்து என் சேலைமேல் புகை கக்கியது. "எடு" என்றேன்; அடங்கியது. மீண்டும் "மிதி" என்றேன். இந்த முறை எதுவுமே நடக்கவில்லை; கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "என்னப்பா செய்கிறாய்?" என்று அதட்டினேன். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிச் சொன்னான்: "டீச்சர், கேள்வி தெளிவா இல்ல. மிதிக்கிறதுக்கு இங்க மூணு இருக்கு. எதுன்னு கேக்கலைன்னா எதை எழுதுனாலும் மார்க்கு உண்டுன்னு நீங்கதான சொன்னீக?"

அவசரமாய்த் திரும்புகிறவர்

கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் இளைஞர் ஒருவர், காரின் பின்பக்கத் திருப்பு விளக்குகளை, அதாவது இண்டிகேட்டர்களை, கழற்றிவிட்டுப் புதிதாக வந்திருக்கும் சிறு எல்.இ.டி. விளக்குகளை மாட்டியிருந்தார். அவை குடிக்கும் மின்சாரம் குறைவு. பாவம், வண்டி அதை அறியாது. பல்பு செத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, எச்சரிக்கும் விதமாக விளக்கை இரட்டை வேகத்தில் படபடவென்று சிமிட்டும். தங்கராசு காரணத்தைச் சொல்லி, இடையில் ஒரு சின்னப் பொருளை இணைத்தால் சரியாகிவிடும் என்றான். "வண்டி உங்களிடம் குறை சொல்கிறது, தம்பி, நீங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்" என்று நானும் எடுத்துரைத்தேன். அவர் சரிசெய்ய ஒப்பவே இல்லை. வண்டியில் ஏறி, இடப்பக்கம் சிமிட்டவிட்டு, அதை எங்கள் கடையின் கண்ணாடியில் பார்த்து ரசித்துவிட்டுச் சொன்னார்: "மெதுவாச் சிமிட்டுனா, யோசிச்சுக்கிட்டே திரும்புறான்னு நெனைப்பாக டீச்சர். இதுதான் கெத்து."

அவர் வந்த வழியே போனார். எதிர்க் கடைக்குப் போகவில்லை. என் வேலை தப்பியது.

கண்ணில் படாத விளக்கு

புதுக் கார் ஒன்று வந்தது. வண்டியை எடுத்த கையோடு குலதெய்வக் கோயிலில் பூசை போட்டுவிட்டு வரும் வழியில், பின்னால் வந்த லாரி இடிப்பதுபோல் வந்து கடைசி நொடியில் ஒடித்துக்கொண்டு போயிருக்கிறது. "பின்னாடி லைட்டே இல்லையான்னு திட்டிட்டுப் போறான்" என்றார் காரின் சொந்தக்காரர். முகம் வெளிறிப் போயிருந்தது. பின் இருக்கையில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். தங்கராசு பியூஸைப் பார்த்தான், சரியாக இருந்தது. கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. நான் பின்னால் போய் நின்றேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சந்தனச் சுவர் ஒன்று இருந்தது. ஒரு விரல் கனத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். வெயிலில் காய்ந்து சுண்ணாம்புக் காரைபோல் இறுகியிருந்தது. அதற்கு அடியில் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியாமல்.

துடைத்துவிடுங்கள் என்று சொல்வதற்குள் அவர் மனைவி இறங்கிவிட்டார். "சாமிக்கு வச்ச பொட்டை அழிக்கச் சொல்றீகளா?" கணவர் வானத்தைப் பார்த்தார். தங்கராசு ஈரத் துணியை என் கையில் திணித்துவிட்டு, உள்ளே ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் போய்விட்டான். இந்த அம்மையாரும் கோபித்துக்கொண்டு சாலையைக் கடந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே மிகுந்த பணிவோடு, "அம்மா, பொட்டு வைப்பது நெற்றியில் அல்லவா? காரின் நெற்றி முன்பக்கம் இருக்கிறது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பின்விளக்கு இருப்பதே லாரிக்காரர் கண்ணில் படுவதற்காகத்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, எனக்கே பாடம் எடுப்பதுபோல் கேட்டார்: "லாரிக்காரன் கண்ணு படக்கூடாதுன்னுதான டீச்சர் பின்னாடி பொட்டே வச்சிருக்கு!"

கடைசியில், விளக்குக்கு மேலே தகரத்தில் அதே அளவு சந்தனத்தை அவரே வைக்க, விளக்கின்மேல் இருந்ததை நான் துடைத்தேன். பாவம் வந்தால் அது என் கணக்கில் சேரட்டும் என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி கிளம்பியது.

நிழலிலும் எரியவில்லை

இப்படியே தப்பித்துக் கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் வந்தது. திருச்சுழியில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் தம் காரை விற்பதற்காக, அதை வாங்க வந்தவரையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார். வாங்க வந்தவர் காரியாபட்டிக்காரர். தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறவர். இருட்டிய பிறகே வீடு திரும்புவதால் பின்விளக்கு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உரக்கடைக்காரர் இறங்கியதும், "டீச்சர், சும்மா ஒருக்கா பாத்து, எல்லாம் சரியா இருக்குன்னு இவுககிட்டச் சொல்லிருங்க" என்றார். சொல்லிக்கொண்டே இடது கண்ணைச் சிமிட்டினார். "கண்ணில் தூசி விழுந்துவிட்டதா, ஐயா? தண்ணீர் தரட்டுமா?" என்று கேட்டேன். இன்னொரு முறை சிமிட்டினார்.

தங்கராசு உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டான். அவனும் பின்னால் பார்க்கும் கண்ணாடி வழியே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் பார்த்ததைச் சொன்னேன்: "இடப்பக்கம் எரிகிறது. வலப்பக்கம் எரியவில்லை." உரக்கடைக்காரர் சிரித்து மழுப்பினார். "நல்லாப் பாருங்க டீச்சர். வெயிலு அடிக்குதுல்ல, அதான் தெரியல." நியாயமான ஐயம். சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லிவிடக் கூடாது. என் குடையை எடுத்துவந்து விரித்து, விளக்குக்கு நிழல் கட்டிக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து, "நிழலிலும் எரியவில்லை" என்றேன். பக்கத்து டீக்கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். காரியாபட்டிக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

தங்கராசு கதவைத் திறந்துகொண்டு, "சின்னக் கோளாறுதான் அண்ணே, அஞ்சு நிமிசத்துல பாத்துருவோம்" என்று இறங்கி ஓடிவந்தான். உரக்கடைக்காரர் கேட்கவில்லை. முகம் சிவக்க வண்டியில் ஏறி, அதைத் திருப்பி, நேரே எதிர்ப்பக்கம் பாண்டியின் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏறுவதற்கு முன் என்னிடம் சொன்னார்: "உங்களை யாரு டீச்சர் உண்மையைக் கேட்டா? லைட்டைத்தான கேட்டேன்!"

சாலைக்கு அந்தப் பக்கம்

தங்கராசு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "நாளையில இருந்து வர வேணாம், டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கம்பிச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினான். எனக்கும் அவனைக் குறைசொல்ல வாயில்லை, எச்சரித்துத்தான் வைத்திருந்தான். மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் வைத்தேன். குடையை மடக்கினேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன். வலப்பக்கம் எரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன், மனத்துக்குள்தான். அங்கேயும் நாக்கு புரளவில்லை.

அப்போது பாண்டி சாலையைக் கடந்து வந்தான். எங்கள் கடைக்குள் அவன் கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. அங்கே நடந்ததை அவன் வாயாலேயே கேட்டோம். பாண்டி உள்ளே உட்கார்ந்து விளக்கைச் சோதிக்க, உரக்கடைக்காரரே பின்னால் நின்று பார்த்துச் சொல்லியிருக்கிறார். வலப்பக்கம்? "எரியுது." இடப்பக்கம்? "எரியுது." பிரேக்கு? "பிரமாதமா எரியுது." பிறகு பார்த்தால், பாண்டி இன்னும் பிரேக்கில் காலே வைக்கவில்லை! அதைக் கவனித்துவிட்ட காரியாபட்டிக்காரர், நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு தங்கராசுவிடம் சொன்னான்: "கோவிச்சுக்காதீக அண்ணே. டீச்சரைச் செத்த நேரம் அனுப்பி வைங்க. அவுக வந்து எரியுதுன்னு சொன்னாத்தான் வண்டிய வாங்குவேன்னு அந்த மனுசன் நிக்காரு."

தங்கராசு வாயைத் திறக்குமுன் நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டேன். இனி எந்தக் கடையிலும் எனக்கு இழக்க எதுவும் இல்லை என்பதால் நடை சற்று நிமிர்ந்தே இருந்தது. பாண்டி விளக்கைப் போட்டான். "வலப்பக்கம் எரியவில்லை" என்றேன். உரக்கடைக்காரர் இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை, மூடிக்கொண்டார். பாண்டி கூட்டைக் கழற்றினான். பல்பு உட்காரும் இடம் களிம்பேறிப் பச்சையாய்ப் பூத்துப்போயிருந்தது. உப்புத்தாளால் சுரண்டித் துடைத்து மாட்டினான். "இப்போது வலப்பக்கம் எரிகிறது" என்றேன். பிரேக்கை மிதித்தான். "இரண்டும் எரிகின்றன" என்றேன். காரியாபட்டிக்காரர் உரக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விற்றவர் என்னை நன்றியோடு பார்த்தாரா, எரிச்சலோடு பார்த்தாரா என்பதை மட்டும் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.

பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்து மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, அவனே டீ வாங்கி வந்து கொடுத்து, "டீச்சர், பேசாம இங்கிட்டே இருந்துருங்களேன்" என்றான். அந்த நேரம் பார்த்து எங்கள் கடை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தங்கராசு ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பிரேக்கை மிதித்தான். வண்டிக்காரர் பின்னால் நின்றபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா… ஆமா… இல்ல இல்ல… சரி, வாரேன்." எந்த ஆமாம் வலப்பக்க விளக்குக்கு, எந்த இல்லை இடப்பக்கத்துக்கு, எது அவர் வீட்டம்மாவுக்கு என்று தெரியாமல் தங்கராசு கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்தான். நான் பாண்டியின் டீயை நிதானமாகக் குடித்தேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று பாண்டியிடம் சொன்னேன். சாலையின் அந்தப் பக்கம்வரை கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

இடையே போன லாரி ஒன்றின் இரைச்சல் ஓய்ந்ததும் தங்கராசு சன்னல் வழியே தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: "யக்கா! அங்கிட்டு என்ன டீ வேண்டிக்கிடக்கு? நான் மிதிச்ச பிரேக்கை இன்னும் விடல, காலு மரத்துப்போச்சு. வெரசா வந்து எரியுதா இல்லையான்னு சொல்லு, நாளைக்கும் வந்து சொல்லு!"

ஒருவருடைய பின்பக்கத்தைப் பற்றிய உண்மையை அவர் காதுபட உரக்கச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலைக்குப் போக முடிகிற தொழில், நான் அறிந்தவரையில், எங்களுடையது ஒன்றுதான்.